அமெச்சூர் லீக்குக்கு எந்தப் போட்டி முறை? சீசன் தொடங்குமுன் முடிவுசெய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

முதன்முறை லீக் நடத்துபவர்கள் பெரும்பாலும் "லீக் முறையா, நாக் அவுட்டா?" என்று பேசத் தொடங்குகிறார்கள். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மைதானம் எத்தனை ஆட்டங்களைத் தாங்கும், உண்மையில் எத்தனை அணிகள் வரும், ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம் தருவதாகச் சொல்கிறோம் ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால், பத்து வகையான முறைகளில் எட்டு தானாகவே கழன்றுவிடும். மிஞ்சும் இரண்டில் ஒன்றைத் தேர்வது எளிது.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? "எல்லோரும் எல்லோருடனும் இருமுறை" என்று அறிவித்துவிட்டு, பாதி சீசனில் நாள் போதாமல் கடைசிச் சுற்றுகளை ரத்து செய்ய நேரும். அப்போது எந்த ஆட்டத்தை ரத்து செய்தாலும் யாருக்காவது அநியாயம்தான்.

கணக்கு புரிவதற்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பயன்படுத்துவோம்: 10 அணிகள், ஒரு மைதானம், 12 வாரம், வாரத்துக்கு ஒரு நாள்.

1. முதலில் ஸ்லாட்டுகளை எண்ணுங்கள்

ஸ்லாட் என்பது ஆட்ட நேரம் மட்டுமல்ல. ஆட்டம், இடைவேளை, தாமதம், அடுத்த அணிகள் இறங்கித் தயாராகும் நேரம் எல்லாம் சேர்ந்ததே ஒரு ஸ்லாட். கால்பந்தில் 90 நிமிட ஆட்டத்துக்கு 15 நிமிட இடைவேளையும் காயம், மாற்று வீரர் போன்றவற்றுக்கான கூடுதல் நேரமும் சேர்த்தால் 110 நிமிடம் போய்விடும். ஆகவே 2 மணி நேரம் ஒதுக்குங்கள்.

கிரிக்கெட்டில் ஓவருக்கு நாலரை நிமிடம் வையுங்கள். அமெச்சூர் அணிகள் அதைவிட வேகமாக வீசுவது அபூர்வம். 12 ஓவர் ஆட்டம் என்றால் இரு இன்னிங்ஸுக்கும் 108 நிமிடம். இடைவேளை 10, டாஸும் அணி மாற்றமும் 15 என்று சேர்த்தால் சுமார் இரண்டேகால் மணி நேரம்.

தாமதம் ஒவ்வோர் ஆட்டத்திலும் கூடிக்கொண்டே போய்க் கடைசி ஆட்டத்தின் தலையில் விழும். எனவே அன்றைய கடைசி ஸ்லாட்டுக்கு முன் அரை மணி நேரம் காலியாக விடுங்கள். இல்லையென்றால் வாராவாரம் நான்காவது ஆட்டம் மங்கிய வெளிச்சத்தில் முடியும், புகாரும் வாராவாரம் வரும்.

எடுத்துக்காட்டில் நாளுக்கு 4 ஸ்லாட், 12 வாரத்துக்கு 48. இது முழுவதையும் செலவிடக் கூடாது. திறந்தவெளி ஆட்டத்துக்கு 15 சதவீதத்தை மழைக்கும் மைதானம் கிடைக்காத நாளுக்கும் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் கிரிக்கெட் என்றால் 25 சதவீதம்கூட அதிகமில்லை. உள்ளரங்க ஆட்டத்துக்கு 5 போதும். 48-இல் 7 போனால் கையில் இருப்பது 41.

2. அணிகளின் எண்ணிக்கைக்குப் பூட்டுப் போடுங்கள்

வாய்வார்த்தையாக "வருகிறோம்" என்ற அணியை எண்ணாதீர்கள். நுழைவுக் கட்டணம் செலுத்தி, வீரர் பட்டியலும் கொடுத்த அணிதான் அணி. பட்டியலில் ஆடும் எண்ணிக்கையைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் பெயர்கள் வேண்டும். 11 பேர் ஆடும் விளையாட்டுக்கு 15 பேர். 12 பேருடன் பதியும் அணி, மூன்றாம் வாரத்திலேயே ஆள் இல்லாமல் வாக்ஓவர் கொடுக்கும், அதாவது ஆடாமலே எதிரணிக்கு வெற்றியை விட்டுக்கொடுக்கும்.

பதிவு முடியும் நாளுக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். அதற்குள் எப்படியும் ஓர் அணி விலகும், அல்லது ஓர் அணி கெஞ்சிக்கொண்டு வரும். அட்டவணை வெளியான பிறகு அணியைச் சேர்ப்பது எல்லாக் கணக்கையும் கலைக்கும். காத்திருப்புப் பட்டியலில் ஒன்றிரண்டு அணிகளை வைத்திருந்து, விலகும் அணியின் இடத்தில் அப்படியே பொருத்துவதே சரியான வழி.

பதிவுப் படிவத்திலேயே கேப்டனிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்த நாள்களில் உங்கள் அணியால் ஆடவே முடியாது? ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடச் சம்மதமா? இரண்டாவது கேள்விக்கு எல்லா அணிகளும் "ஆம்" என்றால் நீங்கள் தேர்வுசெய்யக்கூடிய முறைகள் கூடிவிடும். கேட்காமலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெரிய சண்டையில் முடியும்.

3. ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம் என்று தீர்மானியுங்கள்

அமெச்சூர் வீரர்கள் கட்டணம் கட்டுவது கோப்பைக்காக மட்டுமல்ல, ஆடுவதற்காக. ஆகவே "ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது இத்தனை ஆட்டம்" என்ற உறுதிமொழிதான் சீசனின் அடித்தளம்.

கணக்கு இதுதான்: மொத்த ஆட்டங்கள் = அணிகளின் எண்ணிக்கை × ஓர் அணியின் ஆட்டங்கள் ÷ 2. நம்மிடம் 41 ஸ்லாட். இறுதிக் கட்டத்துக்கு அதிகபட்சமாக 4 எடுத்து வைத்தால் 37. 37 × 2 ÷ 10 = 7.4. ஆக, ஓர் அணிக்கு 7 லீக் ஆட்டங்கள்தான் தர முடியும், மொத்தம் 35. எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆட ஓர் அணிக்கு 9 ஆட்டம், மொத்தம் 45 வேண்டும். இந்த மைதானத்தில் அது நடக்காது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. அணிகளின் எண்ணிக்கையும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் இரண்டுமே ஒற்றைப்படையாக இருக்கவே முடியாது. 9 அணிகளுக்குத் தலா 7 ஆட்டம் என்றால் 63 ÷ 2 = 31½. அரை ஆட்டம் என்று ஒன்று கிடையாது. 9 அணிகள் என்றால் 6 அல்லது 8 ஆட்டம் என்று முடிவுசெய்யுங்கள். பலர் அட்டவணையோடு மணிக்கணக்காக மல்லுக்கட்டிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

5 ஆட்டங்களுக்குக் கீழே போனால் புள்ளிப் பட்டியல் அணிகளின் தரத்தைவிட அதிர்ஷ்டத்தைத்தான் காட்டும். 14-ஐத் தாண்டினால் பின்தங்கிய அணிகள் ஆர்வமிழந்து வாக்ஓவர்கள் பெருகும்.

4. இப்போது முறையைத் தேர்ந்தெடுங்கள்

*ஒருமுறை லீக்.* எல்லோரும் எல்லோருடனும் ஒரு தடவை. ஆட்டங்கள் n × (n−1) ÷ 2 (n என்பது அணிகளின் எண்ணிக்கை). 6 அணிகளுக்கு 15, 8 அணிகளுக்கு 28, 10 அணிகளுக்கு 45, 12 அணிகளுக்கு 66. இடம் இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள். இதைவிட நியாயமான முறை இல்லை. எல்லோரும் ஒரே எதிரணிகளைச் சந்திப்பதால் "எங்களுக்குக் கடினமான பிரிவு" என்ற புகாரே எழாது.

*இருமுறை லீக்.* ஆட்டங்கள் இரட்டிப்பாகும். 4 முதல் 6 அணிகள் மட்டும் இருக்கும்போது பொருந்தும். 8 அணிகளுக்கே 56 ஆட்டம், அணிக்கு 14. இரண்டாம் பாதியில் கடைசி இடத்து அணிகள் வருவதை நிறுத்திவிடும் ஆபத்தையும் கணக்கில் எடுங்கள்.

*பிரிவுகள், அதன்பின் நாக் அவுட்.* 12 அணிகளை 4 பேர் கொண்ட 3 பிரிவாக்கினால் 18 ஆட்டம், 6 பேர் கொண்ட 2 பிரிவாக்கினால் 30 ஆட்டம். மூன்று பேர் பிரிவை மட்டும் தவிருங்கள். அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா இருக்கும். கடைசி ஆட்டத்தில் ஆடும் இரு அணிகளுக்கும், எந்த முடிவு வந்தால் இருவரும் தப்பிக்கலாம் என்று தெரிந்திருக்கும். 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மூன்று பேர் கொண்ட 16 பிரிவுகள் என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். 2023-இல் அதைக் கைவிட்டு நான்கு பேர் கொண்ட 12 பிரிவுகளாக மாற்றினார்கள்.

பிரிவுகள் சமமில்லாவிட்டாலும் சிக்கல்தான். 11 அணிகளை 4, 4, 3 என்று பிரித்துவிட்டு "சிறந்த இரண்டாம் இடம்" ஒன்றுக்கு வாய்ப்புத் தந்தால், 3 ஆட்டம் ஆடியவரை 2 ஆட்டம் ஆடியவருடன் ஒப்பிட வேண்டிவரும். தவிர்க்க முடியாவிட்டால், பெரிய பிரிவுகளில் கடைசி இடத்து அணிக்கு எதிரான முடிவை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். அதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

*பிரிவு லீக்கும் குறுக்கு ஆட்டங்களும்.* நம் எடுத்துக்காட்டுக்குப் பொருந்துவது இதுதான். 5 பேர் கொண்ட 2 பிரிவுகள். சொந்தப் பிரிவில் 4 ஆட்டம், எதிர்ப் பிரிவில் 3 ஆட்டம், ஆக 7. சொந்தப் பிரிவு ஆட்டங்கள் 20, குறுக்கு ஆட்டங்கள் 15, மொத்தம் 35. ஐபிஎல்லிலும் 10 அணிகள் 2022 முதல் இதே தத்துவத்தில்தான் ஆடுகின்றன: ஐந்து அணிகளுடன் இருமுறை, நான்கு அணிகளுடன் ஒருமுறை, மொத்தம் 14.

5 பேர் பிரிவில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஓய்வு வரும். இரு பிரிவிலும் ஓய்வில் இருக்கும் அணிகளை அந்தச் சுற்றிலேயே மோதவிட்டால் ஓய்வும் இல்லை, குறுக்கு ஆட்டங்களில் 5 முடிந்தும்விடும். மீதி 10 குறுக்கு ஆட்டங்களுக்கு எதிராளிகளைக் கேப்டன்கள் முன்னிலையில் குலுக்கிப் போடுங்கள். அமைப்பாளரே ஒரு கிளப்பைச் சேர்ந்தவராக இருந்தால் இது கட்டாயம்.

*பிரித்து ஆடும் லீக்.* ஒருமுறை லீக் முடிந்ததும் மேல் பாதி தங்களுக்குள்ளும் கீழ்ப் பாதி தங்களுக்குள்ளும் மீண்டும் ஆடும், புள்ளிகள் தொடரும். ஸ்காட்லாந்து பிரீமியர்ஷிப்பில் 12 அணிகள் தலா 33 ஆட்டத்துக்குப் பின் ஆறு ஆறாகப் பிரிந்து இன்னும் 5 ஆடுகின்றன. 8 அணிகள் இருந்தால் 28 + 6 + 6 = 40 ஆட்டம். அணிகளிடையே தர வித்தியாசம் அதிகமாக உள்ள லீக்குக்கு நல்ல முறை. கீழே உள்ள அணிகள் இரண்டாம் பாதியில் தங்கள் தரத்துக்கு ஏற்ற எதிராளிகளைப் பெறுகின்றன. ஒரே குறை, இரண்டாம் பாதி அட்டவணையை முன்கூட்டித் தர முடியாது. நாள்களை மட்டுமாவது அறிவித்துவிடுங்கள்.

*இரண்டு டிவிஷன்.* 16 அணிகளை ஒரே லீக்கில் வைத்தால் 120 ஆட்டம். எட்டு எட்டாகப் பிரித்தால் 56. முதல் சீசனில் யார் எந்த டிவிஷன் என்பது தெரியாது. முதல் மூன்று வாரம் தரம் பார்க்கும் ஆட்டங்கள் நடத்திப் பிரிக்கலாம். அல்லது முதல் சீசனைப் பிரிவு முறையில் நடத்திவிட்டு, அதன் முடிவை வைத்து அடுத்த சீசனில் டிவிஷன் தொடங்கலாம். கேப்டன்களின் சொந்த மதிப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேர் தங்கள் அணியை உயர்த்திச் சொல்வார்கள், மீதிப் பேர் கோப்பைக்காகத் தாழ்த்திச் சொல்வார்கள்.

*சுவிஸ் முறை.* சம புள்ளிகள் பெற்றவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள். 16 அணிகளுக்கு 5 சுற்று, 40 ஆட்டம் போதும். ஒவ்வொரு சுற்று முடிந்த பிறகே அடுத்த ஜோடி தெரியும். சதுரங்கம், டேபிள் டென்னிஸ் போல ஒரே நாளில் பல சுற்று ஓடும் விளையாட்டுக்கு அருமை. மழையில் ஓர் ஆட்டம் தள்ளிப்போனாலே அடுத்த சுற்று முழுவதும் நின்றுவிடும் என்பதால் வாராந்தர மைதான ஆட்டத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

*தனி நாக் அவுட்.* ஆட்டங்கள் n−1. பாதி அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீட்டுக்குப் போகும். இது ஒரு வார இறுதிப் போட்டிக்கான முறை, சீசனுக்கானது அல்ல. வேறு வழியே இல்லையென்றால் முதல் சுற்றில் தோற்றவர்களுக்குத் தனிக் கோப்பை வையுங்கள். 16 அணிகளுக்கு 15 ஆட்டத்தோடு 7 ஆட்டம் கூடும். எல்லோருக்கும் குறைந்தது 2 கிடைக்கும். அணிகள் 8, 16 என்று அமையாவிட்டால் சில அணிகளுக்கு "பை" தர வேண்டும், அதாவது அவை முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். 8, 16 என்ற வரிசையில் அடுத்த பெரிய எண்ணிலிருந்து கழித்தால் வருவதே பை எண்ணிக்கை: 11 அணிகளுக்கு 16 − 11 = 5 பை. எல்லாப் பைகளும் முதல் சுற்றிலேயே தீர வேண்டும். இரண்டாம் சுற்றில் பை வந்தால் கணக்கு தவறு என்று அர்த்தம்.

5. இறுதிக் கட்டத்துக்கு எத்தனை பேர்?

பாதி அணிகளுக்கு மேல் தகுதி பெறக் கூடாது. 8-இல் 6 அணிகள் முன்னேறினால் ஏழு வார லீக், இரண்டு அணிகளை நீக்குவதற்காக மட்டும் நடந்ததாகிவிடும். 10 அணிகளுக்கு 4 பொருத்தமான எண்.

நான்கு அணிகளை இரண்டு வழியில் ஆட வைக்கலாம். சாதாரண அரையிறுதியில் 1-4, 2-3 மோதும். மொத்தம் 3 ஆட்டம். ஐபிஎல் பாணி பிளே ஆஃபில் 1-2 மோதி வென்றவர் நேரே இறுதிக்குப் போவார், 3-4 மோதித் தோற்றவர் வெளியேறுவார், முதல் ஆட்டத்தில் தோற்றவரும் இரண்டாவதில் வென்றவரும் மோதி இன்னோர் இறுதியாளர் தேர்வாவார். மொத்தம் 4 ஆட்டம். இது முதல் இரு இடங்களுக்கு உண்மையான மதிப்பைத் தரும். ஆனால் அடுத்தடுத்து மூன்று கட்டம் தேவை, அதாவது மூன்று வாரம்.

எடுத்துக்காட்டில் 35 லீக் ஆட்டம் 9 வாரத்தில் முடியும். அரையிறுதி 10-ஆம் வாரம், இறுதி 11-ஆம் வாரம், 12-ஆவது காலி. ஐபிஎல் பாணியை எடுத்தால் அந்தக் காலி வாரம் போய்விடும். அமெச்சூர் லீக்குக்குக் காலி வாரம்தான் உயிர். சாதாரண அரையிறுதியே போதும். பட்டியலில் மேலே முடித்தவருக்குச் சலுகையாக, "அரையிறுதி நடக்காமல் போனால் மேலிடத்து அணி முன்னேறும்" என்று எழுதுங்கள்.

லீக்கின் கடைசிச் சுற்றில் தகுதி பெறும் போட்டியில் இருக்கும் அணிகளின் ஆட்டங்களை, மைதானம் இரண்டு இருந்தால் ஒரே நேரத்தில் வையுங்கள். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்கள் பிரிவின் மற்ற முடிவுகளைத் தெரிந்துகொண்டு ஆடின. 1-0 என்றால் இரண்டுமே முன்னேறும் என்ற நிலையில், ஜெர்மனி ஆரம்பத்திலேயே கோல் அடித்ததும் ஆட்டம் கிட்டத்தட்ட நின்றுபோனது. அதன் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் உலகக் கோப்பையில் வந்தது. மைதானம் ஒன்றுதான் என்றால், ஒரே கிளப்பின் இரண்டு அணிகளும் நெருங்கிய நட்பு அணிகளும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே மோதி முடித்துவிட வேண்டும்.

6. புள்ளிகளும் சமநிலை விதிகளும்

முதல் ஆட்டத்துக்கு முன் எழுத்தில் இல்லாத விதி, விதியே அல்ல. சீசன் முடியும் நேரத்தில் இரண்டு அணிகள் சமமாக நிற்கும்போது எடுக்கும் எந்த முடிவும் ஒருவருக்குச் சாதகமாகத்தான் தெரியும்.

கால்பந்துக்கு வெற்றி 3, டிரா 1. கிரிக்கெட்டுக்கு வெற்றி 2, டை அல்லது முடிவில்லை என்றால் தலா 1. வாலிபாலில் 3-0, 3-1 வெற்றிக்கு 3 புள்ளி, 3-2 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. கூடைப்பந்தின் சர்வதேச விதி அமெச்சூர்களுக்கு நல்ல பாடம்: வெற்றி 2, தோல்வி 1, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் 0. தோற்றாலும் வந்து ஆடினால் புள்ளி உண்டு என்பதால் வாக்ஓவர் குறையும். எந்த விளையாட்டானாலும் இதைப் பின்பற்றலாம்.

புள்ளிகள் சமமானால் எதைப் பார்ப்பது? எல்லோரும் எல்லோருடனும் ஆடிய லீக்கில் நேருக்கு நேர் முடிவை முதலில் வைக்கலாம். நம் எடுத்துக்காட்டு போன்ற குறுக்கு முறையில் வைக்க முடியாது. சமமான இரு அணிகள் ஒருவரையொருவர் சந்தித்தே இருக்காமல் போகலாம். அங்கே வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு கோல் வித்தியாசம் அல்லது நெட் ரன் ரேட், பிறகு அடித்த கோல்கள், கடைசியாகக் குலுக்கல் என்று வரிசைப்படுத்துங்கள். மூன்று அணிகள் சமமாகி ஏ, பி-யை வென்று, பி, சி-யை வென்று, சி, ஏ-யை வென்றிருந்தால் நேருக்கு நேர் முடிவு எதையும் தீர்க்காது. அந்த நிலைக்கான அடுத்த படியையும் எழுத வேண்டும்.

கோல் வித்தியாசத்துக்கு உச்சவரம்பு வையுங்கள்: ஓர் ஆட்டத்துக்கு 5. இல்லையென்றால் பலவீனமான அணியை 14-0 என்று நசுக்குவதற்கு நீங்களே பரிசு கொடுப்பதாகும். அந்த அணி அடுத்த சீசனுக்கு வராது.

நெட் ரன் ரேட்டில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, ஆல் அவுட் ஆன அணிக்கு ஆடிய ஓவரை எடுப்பது. 12 ஓவர் ஆட்டத்தில் 9 ஓவரில் 60 ரன்னுக்கு ஆல் அவுட் என்றால் முழு 12 ஓவர் ஆடியதாகவே கணக்கு, ரேட் 5.00, 6.67 அல்ல.

இரண்டாவது, 10.3 ஓவரை அப்படியே வகுப்பது. மூன்று பந்து என்பது அரை ஓவர், ஆகவே 10.5 என்று போட வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வோர் ஆட்டத்தின் ரேட்டையும் சராசரி எடுப்பது. சீசன் முழுதும் அடித்த மொத்த ரன்னை மொத்த ஓவரால் வகுத்து, அதிலிருந்து விட்டுக்கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுத்ததைக் கழிப்பதே சரி. முடிவில்லாத ஆட்டங்களையும் வாக்ஓவர்களையும் இதில் சேர்க்கக் கூடாது.

7. வாக்ஓவர், விலகல், மழை

எத்தனை நிமிடம் காத்திருப்பது? 15. எத்தனை பேர் வந்தால் ஆடலாம்? கால்பந்தில் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்காது. மற்ற விளையாட்டுகளுக்கு நீங்கள் ஓர் எண்ணை எழுதுங்கள். வாக்ஓவர் முடிவு என்ன? கால்பந்தில் 3-0 என்பதே வழக்கம். இரண்டு வாக்ஓவர் கொடுத்த அணி வெளியேற்றப்படும் என்று வையுங்கள். பதிவின்போது வைப்புத்தொகை வாங்கி, சீசன் முடிவில் திருப்பித் தருவது எந்த எச்சரிக்கையையும்விட நன்றாக வேலை செய்யும்.

நடுவில் ஓர் அணி விலகுவதுதான் பெரிய தலைவலி. மீதி எதிராளிகளுக்கெல்லாம் இலவசப் புள்ளி கொடுத்தால், அந்த அணியுடன் ஏற்கெனவே வியர்வை சிந்தி ஆடித் தோற்றவர் ஏமாந்துபோவார். பொதுவான விதி: பாதி ஆட்டங்களை முடிக்குமுன் விலகினால் அந்த அணியின் எல்லா முடிவுகளும் பட்டியலிலிருந்து நீங்கும், பாதியைத் தாண்டிய பின் விலகினால் நடந்தவை நிற்கும், மீதி வாக்ஓவராகும். 7 ஆட்ட சீசனில் 3 வரை ஒரு விதி, 4 முதல் இன்னொரு விதி. நீக்கப்பட்ட ஆட்டங்களில் எடுத்த தனிநபர் ரன்களும் கோல்களும் விருதுக்கு எண்ணப்படுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். எண்ணலாம் என்பது என் கருத்து.

குறுக்கு முறையில் இதற்கு ஒரு வால் உண்டு. 10 அணிகளில் ஒன்று விலகி முடிவுகள் நீக்கப்பட்டால், அதனுடன் ஆட வேண்டியிருந்த 7 அணிகளுக்கு 6 ஆட்டமும் மற்ற 2 அணிகளுக்கு 7 ஆட்டமும் மிஞ்சும். மொத்தப் புள்ளியை வைத்து வரிசைப்படுத்தினால் அந்த இருவருக்கும் அநியாயச் சலுகை கிடைக்கும். அப்போது ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளியைப் பயன்படுத்துங்கள். 6 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்தவர் 1.50, 7 ஆட்டத்தில் 10 எடுத்தவர் 1.43, அதாவது கீழே.

மழைக்கு ஒரே விதி போதும்: இத்தனை மணிக்குள் தொடங்க முடியாவிட்டால் ஆட்டம் மாற்று நாளுக்குப் போகும், மாற்று நாளிலும் முடியாவிட்டால் புள்ளி பகிரப்படும். தேதியை அணிகள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். "பிறகு ஆடிக்கொள்கிறோம்" என்று தள்ளிய ஆட்டங்களில் பெரும்பாலானவை நடப்பதே இல்லை.

8. அட்டவணை போடுதல்

கையால் ஜோடி சேர்க்க முயன்றால் கடைசி இரண்டு சுற்றில் ஏற்கெனவே ஆடியவர்களே மிஞ்சுவார்கள். சுழற்சி முறையைப் பயன்படுத்துங்கள்: முதல் அணியை அசையாமல் வைத்து, மற்றவர்களை ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் நகர்த்துங்கள். 6 அணிகளுக்கு:

சுற்று 1: 1-6, 2-5, 3-4
சுற்று 2: 1-5, 6-4, 2-3
சுற்று 3: 1-4, 5-3, 6-2
சுற்று 4: 1-3, 4-2, 5-6
சுற்று 5: 1-2, 3-6, 4-5

15 ஆட்டம், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. ஒற்றைப்படை அணிகள் என்றால் "ஓய்வு" என்ற பெயரில் ஒரு போலி அணியைச் சேர்த்து இதே போலச் சுழற்றுங்கள். அதனுடன் ஜோடி சேர்பவருக்கு அந்தச் சுற்றில் ஆட்டமில்லை.

ஒரு சுற்று ஒரு நாளில் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 10 அணிகளுக்குச் சுற்றுக்கு 5 ஆட்டம், நம்மிடம் நாளுக்கு 4 ஸ்லாட். ஒவ்வொரு வாரமும் இரண்டு அணிகளுக்கு ஓய்வு விழும். சுற்று எண்ணை மறந்துவிட்டு, ஆட்டங்களை வரிசையாக நாலு நாலாக வெட்டுங்கள். சுற்றின் எல்லையில் ஒரே அணி ஒரே நாளில் இருமுறை வந்தால் பக்கத்து ஆட்டத்துடன் இடம் மாற்றுங்கள். எந்த அணிக்கும் அடுத்தடுத்து இரண்டு வாரம் ஓய்வு வராமல் பாருங்கள். இரண்டு வாரம் வராத வீரர்கள் மூன்றாவது வாரமும் வருவது சந்தேகம்தான்.

பிறகு எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அணிக்கும் அதிகாலை ஸ்லாட் எத்தனை, உச்சிவெயில் ஸ்லாட் எத்தனை? வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆடாத அணியிலிருந்து ஸ்கோரரோ உதவி நடுவரோ வர வேண்டும் என்றால், அதை அந்த அணியின் ஆட்டத்துக்கு முந்தைய அல்லது பிந்தைய ஸ்லாட்டில் போடுங்கள். ஆட்டமில்லாத வாரத்தில் அந்த வேலைக்கு மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

9. அறிவிக்கும் முன் உடைத்துப் பாருங்கள்

அட்டவணை தயார். இப்போது அதன் மேல் இரண்டு வாரம் மழையைப் போடுங்கள். எடுத்துக்காட்டில் லீக் 11-ஆம் வாரம்தான் முடியும், அரையிறுதியும் இறுதியும் 12-ஆம் வாரம் ஒரே நாளில் வரும். 4 ஸ்லாட்டில் 3 ஆட்டம் அடங்கும், ஆனால் இறுதியாளர்கள் இருமுறை ஆட வேண்டும். படிவத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் சம்மதம் சொல்லியிருந்தால் சரி. இல்லையென்றால் "இரண்டு வாரமோ அதற்கு மேலோ இழந்தால் அரையிறுதி இல்லை, முதல் இரு அணிகள் இறுதியில் மோதும்" என்று விதியில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, நான்காவது வாரத்துக்குப் பின் ஓர் அணியை நீக்கிப் பாருங்கள். இந்த வழிகாட்டியின் 7-ஆம் பகுதியில் உள்ள விதிகளை வைத்து, மீதி அணிகளின் பட்டியலை நீங்களே ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். எங்காவது "இதற்கு என்ன செய்வது?" என்று நின்றால், அங்கே ஒரு விதி விடுபட்டிருக்கிறது.

இரண்டையும் தாண்டிய பின், முறை, புள்ளிகள், சமநிலை வரிசை, வாக்ஓவர், விலகல், மழை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாக் கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். கையெழுத்து வாங்கிய பிறகே அட்டவணையை வெளியிடுங்கள். அட்டவணை கைக்கு வந்த கேப்டன், விதிகளைத் தன் அணியின் ஆட்டங்களுக்கு ஏற்ப மாற்றச் சொல்வார்.